வாட்டர்பேஸ் பெயின்ட் மாற்றப் போகிறீர்களா? பாடி ஷாப்புக்கு ஏற்ற சிஸ்டத்தை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பெயின்ட் கம்பெனி ஆள் வரும்போது கையில் ஒரு சாம்பிள் பேனல் இருக்கும். சில்வர் மெட்டாலிக். ஒரு திட்டு இருக்காது, ஒரு வரி இருக்காது. அதை அடித்தது அவர்களுடைய டிரெய்னிங் சென்டரில், குளிரூட்டிய பூத்தில் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை), தினமும் அதே வேலையைச் செய்கிற கை. நம்ம ஷெட்டில், நவம்பர் மாதத்தில், ராத்திரி முழுக்க மழை பெய்த மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பெயின்ட் என்ன செய்யும்? அதை அந்தப் பேனல் சொல்லாது.

நான் சென்னையில் ஒரு பாடி ஷாப்பில் பெயின்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சால்வென்ட் (ஆவியாகும் கரைப்பான்) பெயின்டிலிருந்து தண்ணீர் கலந்த வாட்டர்பேஸுக்கு மாறியபோது நாங்கள் செய்த முதல் தப்பு, டப்பாக்களை மட்டும் ஒப்பிட்டது. எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டோமே தவிர, எங்கள் பூத்தின் காற்றுக்கு எது ஒத்துவரும் என்று கேட்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே ஒரு பானெட் திரும்பி வந்தது. மேலே பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் தோல் உரிவது போல உரிந்திருந்தது. பெயின்ட் மேல் குற்றமில்லை. அடியில் கலர் தரும் பேஸ் கோட் காயும் முன்பே நாங்கள் கிளியர் அடித்திருந்தோம்.

தண்ணீர் எந்த கோட்டில் இருக்கிறது

"வாட்டர்பேஸ் சிஸ்டம்" என்றதும் எல்லாமே தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான சிஸ்டங்களில் தண்ணீர் இருப்பது கலர் கோட்டில் மட்டும், அதாவது பேஸ் கோட்டில். அதன் மேல் வரும் கிளியர் வழக்கமான 2கே (அதாவது இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற) சால்வென்ட் கிளியர்தான். ஹார்டனரும் அதேதான். பிரைமரும் பெரும்பாலும் சால்வென்ட்தான்.

இதில் காசு விஷயம் ஒன்று, உயிர் விஷயம் ஒன்று. கிளியர், பிரைமர், தின்னர் செலவு அப்படியே தொடரும் என்பது காசு விஷயம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் அப்படியே இருக்கிறது என்பது உயிர் விஷயம். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சிரைப்பு வரும். "இது தண்ணி பெயின்ட்தானே" என்று துணிமாஸ்க்கோடு கிளியர் அடிக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். சால்வென்ட் காலத்தில் போட்ட அதே ஏர்ஃபெட் மாஸ்க்கைத்தான் (குழாய் வழியே சுத்தக் காற்று வருவது) இப்போதும் போட வேண்டும்.

பேஸ் கோட்டில் மட்டும் மாறினாலும் அந்த மாற்றம் பெரியது. பழைய சால்வென்ட் பேஸ் கோட் ஸ்ப்ரேக்குத் தயாராகும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான்தான். வாட்டர்பேஸில் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. கரைப்பான் பெயின்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

சட்டம்தான் இதைத் தள்ளியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/42 உத்தரவு 2007 ஜனவரி 1 முதல் கார் ரிப்பேர் டாப் கோட்டுகளுக்கு லிட்டருக்கு 420 கிராம் விஓசி (காற்றில் ஆவியாகிப் போகும் கரிமப் பொருள்கள்) என்று வரம்பு கட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக் காற்றுத்தர வாரியத்தின் 1151-ஆம் விதி கலர் கோட்டுக்கு அதே 420-ஐயும் கிளியருக்கு 250-ஐயும் வைத்தது. கனடா 2009-இல் விதி கொண்டுவந்தது. ஒரு நுணுக்கம்: இந்தக் கணக்கில் தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் விஓசி பார்ப்பார்கள். அதனால் தண்ணீரை ஊற்றி அளவைக் குறைத்துக் காட்ட முடியாது. டேட்டா ஷீட்டில் இரண்டு பிராண்டின் விஓசி எண்ணை ஒப்பிடும்போது இரண்டுமே ஒரே முறையில் கணக்கிட்டவையா என்று பாருங்கள்.

படி 1: பெயின்டை விடுங்கள், முதலில் காற்றை அளங்கள்

சால்வென்ட் தானாகப் பறந்துவிடும். தண்ணீர் அப்படியல்ல. காற்றில் இடம் இருந்தால்தான் தண்ணீர் போகும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய காற்றில் அதற்கு இடமில்லை.

ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி பூத்துக்குள் மாட்டுங்கள். இரண்டு வாரம் காலை, மதியம், மாலை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிராண்டைத் தேர்ந்தெடுப்பதை விட இது முக்கியம்.

ஒரு கணக்கு பாருங்கள். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம். சென்னைக்கும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இது மழைக்காலத்தில் சாதாரணம். அந்தக் காற்றை அப்படியே 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். காற்றில் உள்ள நீர் குறையவில்லை. சூடான காற்றுக்குக் கூடுதல் நீரைத் தாங்கும் சக்தி வந்துவிட்டது. அதனால் பர்னர் உள்ள பூத்துக்கு மழைக்காலம் பெரிய பிரச்சினை இல்லை. வெறும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த ஷெட்டுக்கு அது பெரிய பிரச்சினை.

அதே 30 டிகிரி, 80 சதவீதத்தில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், சுமார் 26 டிகிரி. ராத்திரி வெளியே மழையில் நின்ற வண்டியின் தகடு அதைவிடக் குளிர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் அதன் மேல் பனி படியும். வண்டியைப் பூத்துக்குள் ஏற்றியவுடன் அடிக்காதீர்கள். தகடு பூத்தின் சூட்டுக்கு வரட்டும்.

கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் கோடையில் கதை தலைகீழ். சூடான உலர்ந்த காற்றில் பெயின்ட் தகட்டைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். அங்கே வேண்டியது மெதுவாகக் காயும் தின்னர்.

அப்புறம் கம்பிரசர். வாட்டர்பேஸைக் காயவைக்க, கம்பிரசர் காற்றில் ஓடி சுற்றியுள்ள காற்றையும் இழுத்து ஊதும் வென்சூரி புளோயர் பிடிப்பார்கள். ஸ்டாண்டில் மாட்டிய இரண்டு புளோயர் ஓடும்போதே இன்னொருவர் கன் பிடித்தால் சின்ன கம்பிரசர் மூச்சுவாங்கும். கன்னில் பிரஷர் இறங்கும், மெட்டாலிக் திட்டுத்திட்டாக விழும். ஏர் டிரையர் இல்லாத லைனில் வாட்டர்பேஸ் அடிக்கவே அடிக்காதீர்கள். "தண்ணி பெயின்ட்ல தண்ணி பட்டா என்ன?" என்று ஒரு பெயின்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். லைனில் தண்ணீரோடு கம்பிரசர் ஆயிலும் வருமே, பெயின்டில் மீன் கண் போலக் குழி விழும் ஃபிஷ் ஐ அதனால்தான்.

படி 2: கடையில் இருப்பது எத்தனை சிஸ்டம்?

லேபிள்கள் நிறைய. வீடுகள், அதாவது தாய்க் கம்பெனிகள், சில. இதைப் புரிந்துகொண்டால் ஒப்பீடு பாதி முடிந்தது.

ஆக்சால்டாவுக்குக் கீழே குரோமாக்ஸ், ஸ்டாண்டாக்ஸ், ஸ்பீஸ் ஹெக்கர் மூன்றும் இருக்கின்றன. 2013 வரை இந்தத் தொழில் டூபான்ட் கையில் இருந்தது. குரோமாக்ஸ் ப்ரோ, ஸ்டாண்டோப்ளூ, பெர்மாஹைட் ஹைடெக் 480 என்று பெயர்கள் வேறு. வேலை முறையில் முக்கியமானது, ஈரத்தின் மேல் ஈரம்: கோட்டுகளுக்கு நடுவே காய விடாமல் ஒன்றரை கோட்டில் முடிப்பது. பிஸியான கடைக்கு இது நேரத்தைத் தரும். ஆனால் கடைசியில் மொத்தமாகக் காயவைத்தே ஆக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஈரக் காற்றில் தடித்த ஈரப் படலம் ஏமாற்றும்.

பிபிஜி வீட்டில் என்விரோபேஸ் ஹை பெர்ஃபார்மன்ஸ், அதன் சகோதரன் நெக்ஸா ஆட்டோகலரின் அக்வாபேஸ் பிளஸ். இதில் டோனர்கள் (கலரைக் கலக்கும் மூல நிறங்கள்) அடியில் படியாத வகை. பெரிய மிக்ஸிங் மெஷின் தேவையில்லை. பாட்டிலைக் கையால் குலுக்கி ஊற்றலாம். கரண்ட் போகிற ஊரில், இடம் குறைவான கடையில், இது பெரிய சௌகரியம். காற்றின் தன்மைக்கேற்ப இரண்டு தின்னர்கள்: வழக்கத்துக்கு டி494, உலர்ந்த சூட்டுக்கு டி495.

பிஏஎஸ்எஃப் வீட்டில் கிளாசுரிட், ஆர்எம் இரண்டு. கிளாசுரிட் 90 லைன் பல ஆண்டு அடிபட்டுத் தேறிய சிஸ்டம். பழைய பெயின்டர்களுக்கு அதன் குணம் கைப்பழக்கம். புதிய 100 லைன், ஆர்எம் அஜிலிஸ் இரண்டும் 250 கிராமுக்குக் கீழே விஓசி என்று வந்தவை. ஆர்எம்மின் ஆனிக்ஸ் எச்டி ஒரு விநோதப் பிறவி. அதன் டோனர்களில் தண்ணீரே கிடையாது, கலக்கும்போது ஹைட்ரோமிக்ஸ் சேர்த்தபின்தான் அது வாட்டர்பேஸ் ஆகிறது. அதனால் மாதம் சில வண்டி மட்டுமே செய்கிற கடையில் டோனர் கெட்டுப்போகும் பயம் குறைவு.

ஆக்சோ நோபலின் சிக்கன்ஸ் ஆட்டோவேவ் நான்காவது வீடு. ஆட்டோவேவ் ஆப்டிமா என்ற புதிய வரிசையும் கோட்டுகளுக்கு நடுவே காயவிடாத வழியில் போகிறது. அமெரிக்காவில் ஷெர்வின் வில்லியம்ஸின் ஏடபிள்யூஎக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பிளஸ் உண்டு. இங்கே சப்ளை உறுதி இல்லாமல் அதை யோசிப்பதில் பொருளில்லை.

என் கருத்தைக் கேட்டால், நல்ல கையில் இந்த நான்கு வீட்டுப் பெயின்டுமே நல்ல வேலை தரும். வாடிக்கையாளர் வண்டியைப் பார்த்து இது எந்த வீடு என்று சொல்லவே முடியாது. வித்தியாசம் வேறு மூன்று இடத்தில்: காயும் நேரம், கலர் ஃபார்முலா, டீலர்.

படி 3: ஷேடு மேட்சிங்கை ஜாப் கார்டை வைத்துச் சோதியுங்கள்

கடந்த மூன்று மாத ஜாப் கார்டுகளை எடுங்கள். அதிகம் வந்த இருபது கலர் கோடுகளை எழுதுங்கள். மாருதி வெள்ளை, ஹூண்டாய் சில்வர், டாடா நீலம், உங்கள் கடைக்கு எது வருகிறதோ அது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு டீலரிடமும் கொடுத்து, "இத்தனைக்கும் ஃபார்முலாவும் வேரியன்டும் இருக்கா, காட்டுங்க" என்று கேளுங்கள். ஐரோப்பியக் காருக்கு ஐந்து வேரியன்ட் வைத்திருக்கும் சிஸ்டம், நம் ஊர் ஹேட்ச்பேக்குக்கு ஒன்றே ஒன்று வைத்திருக்கலாம். ஒரே கலர் கோடில் இரண்டு ஃபேக்டரி வண்டிகள் இரண்டு விதமாக இருப்பது நமக்குத் தெரிந்ததே. வேரியன்ட் இல்லாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்குக் கண்ணால் கலர் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

பேனலின் கலரை அளந்து ஃபார்முலா தேடும் ஸ்பெக்ட்ரோ கருவிகளும் இப்படித்தான். பிபிஜியின் ரேப்பிட்மேட்ச், ஆக்சால்டாவின் அக்வைர், கிளாசுரிட்டின் ரேஷியோ ஸ்கேன், சிக்கன்ஸின் ஆட்டோமேச்சிக் எல்லாமே நல்ல கருவிகள். ஆனால் கருவி தேடித் தருவது அந்தந்த கம்பெனியின் ஃபார்முலா கிடங்கிலிருந்துதான். பாலிஷ் போடாத, வெயிலில் மங்கின பேனலில் வைத்து டெமோ கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் புது ஃபெண்டரில் வேண்டாம்.

ஒரு கார் கம்பெனியின் அங்கீகாரம் உங்களிடம் இருந்தாலோ வாங்க நினைத்தாலோ, அவர்கள் ஒப்புக்கொண்ட பிராண்ட் பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள். பட்டியலில் இல்லாததை எவ்வளவு ஒப்பிட்டாலும் வீண்.

படி 4: சோதனை நாள்

ஒவ்வொரு கம்பெனியையும் உங்கள் பூத்துக்கே கூப்பிடுங்கள். முடிந்தால் ஈரமான நாளில். வேண்டாம் என்று தள்ளிப்போடுகிற கம்பெனியும் உங்களுக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

அவர்கள் ஆள் ஒரு பேனல் அடிக்கட்டும். அடுத்தது உங்கள் பெயின்டர் அடிக்கட்டும். கணக்கில் எடுப்பது இரண்டாவதை மட்டும். கலர் சில்வர் மெட்டாலிக்காக இருக்கட்டும், எல்லாக் குறையையும் காட்டிக்கொடுக்கும் கலர் அதுதான். மூன்று கோட் முத்து வெள்ளையும் ஒன்று அடித்துப் பாருங்கள். பேனலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, கட்டம் மறையும்வரை எத்தனை கோட் ஆனது என்று எண்ணுங்கள். கன்னில் ஊற்றும் முன்னும் பின்னும் கப்பை எடை போடுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச்: முதல் கோட்டிலிருந்து முழுதாக மேட் ஆகும்வரை (ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை) எத்தனை நிமிடம்?

அடுத்த நாள் வெயிலில் பேனலைப் பாருங்கள். பிளெண்ட் செய்த (புதுக் கலரைப் பழையதோடு படிப்படியாகச் சேர்த்த) ஓரத்தில் கறுப்பான வளையம் தெரிகிறதா? ஒரு வாரம் கழித்துக் குறுக்கும் நெடுக்குமாக பிளேடால் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள்.

விலை பேசும்போது லிட்டர் விலையில் மயங்காதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு பெயின்ட் லிட்டர் 6,000 ரூபாய், பேனலுக்கு 400 மில்லி ஆகிறது என்றால் 2,400 ரூபாய். இன்னொன்று லிட்டர் 8,000, ஆனால் கவரேஜ் நன்றாக இருந்து 250 மில்லியில் முடிகிறது என்றால் 2,000 ரூபாய்தான். இதோடு பூத்தில் வண்டி நின்ற நிமிடங்களையும் சேருங்கள். ஒரு நாளைக்கு ஒரு வண்டி கூடுதலாக வெளியே போனால் பெயின்ட் விலை வித்தியாசம் காணாமல் போய்விடும்.

"மிக்ஸிங் ரூம் ஃப்ரீ" என்பார்கள். ஃப்ரீ இல்லை, மாதாமாதம் இத்தனை ரூபாய்க்கு வாங்குவேன் என்ற ஒப்பந்தத்தில் அதன் விலை ஒளிந்திருக்கும். நாங்கள் ஒருமுறை மூன்று வருடக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாவது வருடம் வேலை குறைந்தபோது, ஷெல்ஃபில் தேதி முடிகிற டோனர்களை வாங்கிக் குவித்தோம். இலக்கு எட்டாவிட்டால் என்ன, பழைய ஸ்டாக்கைத் திரும்ப எடுப்பார்களா, ஒரு டோனர் தீர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் வரும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: அடிக்கும் முறை

டேட்டா ஷீட்தான் சட்டம்; கீழே உள்ளது பொதுவான போக்கு.

வெறும் தகட்டை வாட்டர்பேஸ் தொடக்கூடாது. தண்ணீர் பட்டால் துரு. தேய்க்கும்போது ஓரத்தில் இரும்பு தெரிந்தால் அந்த இடத்துக்குப் பிரைமர் போட்டே ஆக வேண்டும். பட்டி பார்த்த இடம் திறந்து கிடந்தாலும் அப்படியே: பட்டி தண்ணீரைக் குடித்து, பிறகு அதன் ஓரம் வரைபடம் போலத் தெரியும்.

பிரைமரை 500 நம்பர் உப்புத்தாளில் உலர்வாகவோ, 800-க்கு மேல் தண்ணீர் போட்டோ தேய்க்கலாம். வாட்டர்பேஸ் படலம் மெல்லியது. சால்வென்ட் மறைத்துவிடுகிற கீறலை இது மறைக்காது. பிளெண்ட் ஏரியாவுக்கு 1000-க்கு மேல் போங்கள்.

இரண்டு முறை துடையுங்கள். முதலில் சால்வென்ட் கிளீனர், எண்ணெய், மெழுகு போக. அடுத்து வாட்டர் கிளீனர், உப்பும் வியர்வையும் போக. ஈரம் தானாகக் காயட்டும் என்று விடாமல், காய்ந்த துணியால் உடனே துடைத்து எடுங்கள். கையுறை இல்லாமல் பேனலைத் தொட்டால் விரல் அடையாளம் கிளியருக்கு அடியில் படம் பிடித்தது போல நிற்கும்.

கன் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், நாசில் 1.2 முதல் 1.3 மில்லிமீட்டர். சால்வென்ட் அடித்த கன்னையே கழுவிக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒன்று வையுங்கள். வடிகட்டியும் நைலான் வலையாக இருக்கட்டும். தாள் வடிகட்டியின் பசை தண்ணீரில் கரைந்து கப்புக்குள் போகும்.

முதல் கோட் மிதமாக. புளோயரைப் பேனலுக்கு நேராகக் குத்திப் பிடிக்காமல், சரிவாக, ஒரு கை நீளம் தள்ளிப் பிடியுங்கள். காற்று தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மேட் ஆனதும் இரண்டாவது கோட். மெட்டாலிக் என்றால் கடைசியில் பிரஷரைக் குறைத்து, கன்னைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து ஒரு லேசான டிராப் கோட். மெட்டாலிக் துகள்கள் ஒரே சீராகப் படுப்பது அந்தக் கோட்டில்தான். ஈரத்தின் மேல் ஈரம் அடிக்கிற சிஸ்டத்தில் நடுவே காயவைப்பது மட்டும் இல்லை, மற்றதெல்லாம் இதேதான்.

அப்புறம் காத்திருங்கள். பேனலின் நடு மேட் ஆனால் போதாது. கைப்பிடிக் குழி, கதவின் கீழ் மடிப்பு, பம்பரின் மூலை எல்லாம் மேட் ஆக வேண்டும். எங்கள் பானெட் உரிந்தது ஓரத்து மடிப்பிலிருந்துதான் ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடம் கறுத்து மினுங்கும். அது போகும்வரை கிளியர் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். எவ்வளவு அவசரமென்றாலும்.

கிளியரில் குட்டிக் கொப்புளம் வந்தால் பெரும்பாலும் அடியில் தண்ணீர் மாட்டியிருக்கிறது. மேகம் போலத் திட்டு வந்தால் பேஸ் கோட் அதிக ஈரமாக விழுந்திருக்கிறது. மாலையில் பளபளத்தது காலையில் மங்கியிருந்தால், பேஸ் காயாமலே கிளியர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 6: டப்பா, கன், கழிவு

டோனர்களை 5 முதல் 35 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். நமக்குப் பனி பயம் இல்லை, தகரக் கூரைதான் பயம். மே மாதம் அந்த ஷெட்டுக்குள் 40 டிகிரியைத் தாண்டும். மிக்ஸிங் அறைக்கு ஒரு ஏசி போடுவது ஆடம்பரமில்லை. கலந்த பெயின்டைத் தகர டப்பாவில் வைக்காதீர்கள், துருப்பிடிக்கும்.

கன்னை முதலில் தண்ணீரில், பிறகு அதற்கான கிளீனரில் கழுவுங்கள். பேஸ் கோட் காயும் முன் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் அதை அசைக்காது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, "தண்ணிதானே" என்ற அதே நினைப்பில். அதில் பிசினும் நிறமியும் கரைப்பானும் இருக்கின்றன. ஒரு டிரம்மில் சேர்த்து, திரட்டும் பவுடர் போட்டுக் கலக்கினால் பெயின்ட் தயிர் போலத் திரண்டு மேலே வரும். வடிகட்டினால் தெளிந்த தண்ணீர் கிடைக்கும், அதையே அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். வடிகட்டியில் நிற்கிற சகதி குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் பெயின்டை உற்பத்தி செய்யும், பயன்படுத்தும் தொழில்களின் கழிவும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீதை ஃபைலில் வையுங்கள். டீலரிடம் ஒப்பந்தம் பேசும்போதே அந்தப் பவுடரின் விலையையும் கேட்டுவிடுங்கள். அதைத் தானாக முன்வந்து சொன்ன டீலரை நான் இதுவரை பார்க்கவில்லை.